இந்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் மகளிர் ஆய்வு மையம்: தோன்றியதும் வளர்ந்ததும்

முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்: "நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்ள மகளிர் ஆய்வு மையங்கள், ஐக்கிய நாடுகள் அவை 1975-ஐ உலக மகளிர் ஆண்டாக அறிவித்ததால் அரசாணை மூலம் வந்தவை என்றுதான் எல்லா நூல்களிலும் படிக்கிறேன். அது சரிதானா? முதல் மையம் எது, அது எப்படி வளர்ந்தது?" மகளிரியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவள் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. ஐ.நா.வின் அறிவிப்பு உதவியது உண்மை. ஆனால் முதல் மையம் அந்த ஆண்டுக்காகக் காத்திருக்கவில்லை. மும்பையிலுள்ள எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில், சமூகவியல் பேராசிரியர் நீரா தேசாயின் முயற்சியால் 1974-இலேயே அது தொடங்கப்பட்டுவிட்டது. அப்போது அதற்குப் பெயர் மகளிரியல் ஆய்வுப் பிரிவு. இன்று அது மகளிர் ஆய்வு மையம்.

அது ஏன் அந்தப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தோண்டோ கேசவ் கார்வே புணேயில் கணிதம் கற்பித்தவர். மனைவியை இழந்தபின் 1893-இல் ஒரு விதவையை மறுமணம் செய்துகொண்டு, அதற்காகச் சொந்த ஊராரின் ஒதுக்கலை ஏற்றவர். 1896-இல் விதவையர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பிற்பாடு ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு வெளியீடு ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் படித்த ஊக்கத்தில், 1915-இல் பம்பாயில் கூடிய தேசிய சமூக மாநாட்டின் தலைமையுரையில் இந்தியப் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே, ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய மாணவியரோடு அதைத் தொடங்கியும் விட்டார். 1920-இல் பம்பாய் ஆலை அதிபர் விட்டல்தாஸ் தாக்கர்சி தம் தாயார் நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் நினைவாக 15 லட்சம் ரூபாய் வழங்க, அந்த அம்மையாரின் பெயரே பல்கலைக்கழகத்தின் பெயராயிற்று; 'ஸ்ரீமதி' என்ற அடைமொழியோடு அதன் சுருக்கமே எஸ்.என்.டி.டி. 1936-இல் தலைமையிடம் புணேயிலிருந்து பம்பாய்க்கு மாறியது. 1951-இல் சட்டப்படியான தகுதி கிடைத்தது.

கார்வேயின் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. தாய்மொழியில் உயர்கல்வி தர வேண்டும் என்பது ஒன்று. அந்தக் காலத்தில் அதைச் சொல்லவே துணிவு வேண்டும். பெண்ணின் வாழ்க்கை மனைவியாக, தாயாக அமையப்போவதால் பாடத்திட்டமும் அதற்கேற்ப வேறாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. எந்த வளாகத்தில் பெண்ணின் இடம் வீடு என்ற எண்ணத்தின்மேல் பாடத்திட்டம் எழுந்ததோ, அதே வளாகத்தில்தான் பிற்காலத்தில் ஓர் ஆசிரியர் அந்த எண்ணத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். இதனால் கார்வேயின் பெருமை குறையாது. பெண்களைப் படிக்க வைத்தால் அவர்கள் எதைக் கேட்பார்கள் என்பதை எவரும் முன்கூட்டியே வரையறுத்துவிட முடியாது என்பதற்கு இந்த நிறுவனத்தின் வரலாற்றைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

நீரா தேசாய் 1925-இல் பிறந்தவர். கல்லூரி மாணவியாக இருந்தபோது 1942-இன் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இறங்கிச் சிறை சென்றார். முதுகலைப் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியப் பெண்களின் நிலை. 1950-களின் தொடக்கத்தில், சமூகவியலில் அப்படியொரு பொருளை எடுப்பது வழக்கமே அல்ல. அந்த ஆய்வேடு 1957-இல் நூலாக வெளிவந்தது. 1954-இல் எஸ்.என்.டி.டி.யில் ஆசிரியப் பணியேற்றார். விடுதலைப் போராட்டத்தில் வளர்ந்த அவர் தலைமுறைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அரசியலமைப்பு சமத்துவத்தை உறுதி செய்துவிட்டது, 1955, 1956-இல் இந்து மணச் சட்டமும் வாரிசுரிமைச் சட்டமும் வந்துவிட்டன, இனிக் கல்வி பரவினால் மற்றவை தாமாக வரும் என்பதே அது. அந்த நம்பிக்கை 1970-களின் தொடக்கத்தில் ஆட்டம் கண்டது.

மகாராஷ்டிரத்தில் அப்போது கடும் வறட்சி. 1972, 1973-இல் பம்பாயின் பெண்கள் மிருணாள் கோரே, அகல்யா ரங்கணேகர் முதலியோரின் தலைமையில் தட்டுகளையும் பூரிக்கட்டைகளையும் ஏந்தி விலைவாசிக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். அரசு 1971-இல் நியமித்திருந்த பெண்கள் நிலை ஆய்வுக் குழு நாடெங்கும் சென்று தகவல் திரட்டிக்கொண்டிருந்தது. பூல்ரேணு குகா அதன் தலைவர், வீணா மஜும்தார் உறுப்பினர் செயலர். 1974 டிசம்பரில் அந்தக் குழு பணியை முடித்துத் தந்த 'சமத்துவத்தை நோக்கி' என்னும் அறிக்கை, படித்த பெண்களின் மனநிறைவைக் குலைத்தது. ஆயிரம் ஆண்களுக்கு 1901-இல் 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971-இல் 930 பேரே இருந்தார்கள். இடையில் கழிந்தவை சீர்திருத்தத்தின் எழுபது ஆண்டுகள், விடுதலையின் கால் நூற்றாண்டு. குழுவில் இருந்தவர்களே, தங்கள் சொந்த நாட்டுப் பெண்களைப் பற்றித் தாங்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்று பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரே ஒரு புள்ளிவிவரத்தை அருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். இத்தகைய மையம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உழைப்பாளர்கள். 1971 கணக்கெடுப்பில் அந்த விகிதம் பாதிக்கு வந்துவிட்டது. பத்தே ஆண்டுகளில் கோடிக்கணக்கான பெண்கள் வயலை விட்டு வீட்டுக்குள் போய்விட்டார்களா? பாதி விடை வினாத்தாளில் இருக்கிறது. 1961-இல், பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஒழுங்காக வேலை செய்தவரும் உழைப்பாளராகவே எண்ணப்பட்டார். 1971-இல் ஒவ்வொருவரிடமும் அவருடைய முதன்மையான செயல் எது என்று முதலில் கேட்கப்பட்டது. விடியுமுன் எழுந்து மாட்டுக்குத் தீவனம் போட்டு, தண்ணீர் சுமந்து, சமைத்து, கணவரோடு வயலுக்குப் போய் நாற்று நட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்பி மறுபடி அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லுவாள்? "வீட்டு வேலைதான்" என்பாள். பல வீடுகளில் அவளிடம் கேட்கவும் மாட்டார்கள். திண்ணையில் இருக்கும் ஆண்மகன் அவளுக்காகச் சொல்லிவிடுவார். கணக்கெடுப்பாளர் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஒரு குறியீட்டில் அவளுடைய ஆண்டு முழுவதன் உழைப்பும் தேசியக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். பெண்களுக்கு வேலைவாய்ப்பு உண்மையாகவே சுருங்கியதும் அந்தக் காலத்தில் நடந்தது. எது உண்மையான சரிவு, எது கேள்வியின் பிழை என்று பிரித்துச் சொல்ல அன்று எந்தப் பல்கலைக்கழகத் துறையும் முன்வரவில்லை. பொருளியல் துறை குடும்பத்தை ஓர் அலகாகப் பார்த்தது. சமூகவியல் துறையில் பெண் என்பவள் திருமணம், உறவுமுறை ஆகிய அத்தியாயங்களில் வந்துபோனாள்.

அந்த வெற்றிடத்தில்தான் 1974-இல் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. பெரிய கட்டடமோ பணியிடங்களோ இல்லாத சிறு பிரிவு அது. நிதி திட்டத்துக்குத் திட்டம் தேடிப் பெற வேண்டியது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே அது செய்த ஒரு காரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்: ஆவணங்களைச் சேர்க்கத் தொடங்கியது. பெண்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள், அரசு அறிக்கைகள், இயக்கங்களின் துண்டறிக்கைகள், செய்தித்தாள் நறுக்குகள், நூலடைவுகள் என்று, அன்றைய நூலகங்கள் ஒரு பொருட்டாக மதிக்காத தாள்கள் அங்கே அடுக்கில் ஏறின. சான்று இல்லாமல் வாதம் இல்லை; சான்றைச் சேர்த்து வைக்க ஓர் இடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு ஆய்வாளரும் முதல் படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும். பின்னர் வந்த மையங்கள் பலவற்றில் கருத்தரங்கத்துக்குக் கிடைத்த நிதியில் ஒரு பங்குகூட நூலகத்துக்கும் ஆவணப்பிரிவுக்கும் கிடைக்கவில்லை. அது எனக்கு நீங்காத வருத்தம்.

பிரிவின் வளர்ச்சியில் நீரா தேசாயோடு தோள் கொடுத்தவர் மைத்ரேயி கிருஷ்ணராஜ். பின்னர் மையத்தின் இயக்குநராகவும் அவர் பொறுப்பேற்றார். நீரா தேசாய் வரலாற்றிலும் சமூகவியலிலும் ஊறியவர் என்றால், மைத்ரேயியின் கவனம் உழைப்பு, பொருளாதாரம், அறிவியல் துறையில் பெண்கள், ஆய்வுமுறை ஆகியவற்றில் இருந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய பாடநூல் 1987-இல் வந்தபோது, மகளிரியல் கற்பிக்க வெளிநாட்டு நூல்களையே நம்பியிருந்த எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு முதன்முதலாக நம் நாட்டுச் சான்றுகளோடு ஒரு நூல் கிடைத்தது. மற்றக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடத்திட்ட வரைவு, கருத்தரங்கு என்று மையத்தின் வேலை பம்பாயைத் தாண்டி விரிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு அதை மகளிரியலில் உயராய்வு மையமாக ஏற்றது.

ஆய்வு வளாகத்துக்குள் முடங்கக் கூடாது என்பதில் நீரா தேசாய் உறுதியாக இருந்தார். தெற்கு குஜராத்தில், வல்சாட் மாவட்டத்தில், உத்வாடா என்றொரு கடலோரச் சிற்றூர் இருக்கிறது. பார்சி மக்களின் புனித நெருப்பு அங்கே காக்கப்படுவதால் அந்தச் சமூகத்துக்கு அது திருத்தலம். அந்த வட்டாரக் கிராமங்களில் எஸ்.என்.டி.டி. ஓர் ஊரக வளர்ச்சி மையத்தை அமைத்தது. அதன் பின்னணியில் இருந்தவரும் அவர்தான். நகரத்துப் பெண் பேராசிரியர்கள் அங்கே போய், கிராமத்துப் பெண்களின் வேலை, வருவாய், உடல்நலம் ஆகியவற்றைக் கண்ணெதிரே பார்த்தார்கள். குஜராத்தியிலும் எழுதியவர் என்பதால், ஆய்வின் முடிவு ஆய்வுக்கு உள்ளானவர்களின் மொழிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற கடமையுணர்ச்சி நீரா தேசாய்க்கு இயல்பாகவே இருந்தது. தாய்மொழிக் கல்வி என்ற கார்வேயின் பழைய கொள்கை இங்கே வேறு வடிவில் உயிர்பெற்றதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரலாற்றின் பெருந்திருப்பம் 1981 ஏப்ரலில் நிகழ்ந்தது. மகளிரியலின் முதல் தேசிய மாநாடு எஸ்.என்.டி.டி. வளாகத்தில் கூடியது. அதற்குச் சற்றுமுன்தான் மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இல் அளித்த தீர்ப்பு நாட்டை உலுக்கியிருந்தது. காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பழங்குடிப் பெண்ணின் வழக்கில், காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலைத் தொடர்ந்து, பம்பாயில் வன்கொடுமைக்கு எதிரான பெண்கள் அமைப்பு உருவாகியிருந்தது. ஆகவே மாநாட்டுக்கு வந்தவர்களில் பேராசிரியர்கள் மட்டுமல்லர், இயக்கத்தினரும் அரசு அலுவலர்களும் இருந்தார்கள். மகளிரியலை இன்னொரு தனித்துறையாகச் சுவர் எழுப்பி வைப்பதா, எல்லாத் துறைகளையும் கேள்வி கேட்கும் ஒரு பார்வையாக வளர்ப்பதா என்பதே அங்கே எழுந்த மையமான வினா. பார்வையாகவே வளர்க்க வேண்டும் என்பதே அன்று மேலோங்கிய கருத்து. அந்த மாநாட்டிலிருந்துதான் 1982-இல் இந்திய மகளிரியல் சங்கம் பிறந்தது. எஸ்.என்.டி.டி.யின் துணைவேந்தராக இருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரான மாதுரி ஷா அதன் முதல் தலைவரானார். மையத்திலிருந்து மானியக் குழுவுக்கு ஒரு பாதை திறந்தது இவ்வாறுதான். சங்கத்தின் மாநாடுகள் 1984-இல் திருவனந்தபுரம் தொடங்கி நாட்டின் பல ஊர்களுக்கும் போயின. 2017 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கூடியது.

அரசாணை என்று நீங்கள் குறிப்பிட்டது இதற்குப் பிறகு வருவது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை, பெண்களின் நிலையில் அடிப்படை மாற்றம் கொண்டுவரும் கருவியாகக் கல்வியை அறிவித்து, மகளிரியலை ஊக்குவிக்க வேண்டும் என்றது. அதையொட்டி மானியக் குழு நெறிமுறைகளை வகுத்து, ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழகங்களில் மையங்களுக்கு நிதி தரத் தொடங்கியது. விரல்விட்டு எண்ணும் நிலையிலிருந்து, காலப்போக்கில் அவை 150-ஐத் தாண்டின. ஆக, 1974-இல் ஓர் ஆசிரியரின் முயற்சியாக இருந்தது பன்னிரண்டு ஆண்டுகளில் அரசின் திட்டமானது. முன்னது பின்னதற்கு மாதிரியாக இருந்தது. பின்னதன் விளைவாக முன்னது தோன்றவில்லை. உங்கள் கேள்விக்கு என் நேரடியான விடை இதுதான்.

ஆனால் திட்டமாக மாறியதற்கு ஒரு விலையும் உண்டு. திட்ட நிதியில் இயங்கும் மையத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயிர்ப்பிச்சை கேட்கும் நிலை. அங்கே வேலை பார்க்கும் ஆய்வாளர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்திலேயே இருந்தார்கள். நிரந்தரப் பணியிடம் என்பது அவர்களுக்குக் கானல்நீர். நிதி தருபவர் பெயரையும் மாற்றலாம் என்பதை 2003-இல் கண்டோம். 'மகளிர் மற்றும் குடும்பவியல் மையங்கள்' என்று பெயர் மாற்றும் முடிவு வந்தது. பெண்ணைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒரு குடிமகளாகப் பார்க்க மூன்று பத்தாண்டுகள் போராடியவர்கள் அதை எப்படிப் பொறுப்பார்கள்? எதிர்ப்பு எழுந்தபின் அது கைவிடப்பட்டது. 2017-இல் ஐந்தாண்டுத் திட்டங்களே முடிவுக்கு வந்தபோது, மையங்களின் நிதி எதுவரை தொடரும் என்ற கவலை நாடெங்கும் பரவியது. ஆய்வுக்கூடமோ விலையுயர்ந்த கருவியோ கேட்காத ஒரு துறையை, சில பேருடைய சம்பளத்துக்காக இப்படி அலையவிடுவது எனக்கு ஆறாத வேதனை.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்வேயின் விதவையர் இல்லம் பெரிதும் பிராமண விதவையருக்கானதாகவே தொடங்கியது. அந்த மரபில் வந்த பல்கலைக்கழகத்திலும், பொதுவாக முதல் தலைமுறை மகளிரியலிலும், சாதி போதிய அளவு கேள்விக்கு உட்படவில்லை. அந்தக் கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் ஷர்மிளா ரேகே. புணே பல்கலைக்கழகத்தில் சாவித்ரிபாய் புலேயின் பெயரைத் தாங்கிய மகளிரியல் மையத்தில் இருந்துகொண்டு, தலித் பெண்களின் நிலைப்பாட்டிலிருந்து பெண்ணியத்தை மறுபடி எழுத வேண்டும் என்று 1990-களில் வாதிட்டார். சாவித்ரிபாயும் அவர் கணவர் ஜோதிராவும் சிறுமியருக்குப் பள்ளி தொடங்கிய 1848, கார்வேயின் பல்கலைக்கழகத்துக்கு 68 ஆண்டுகள் முற்பட்டது. ஊரும் அதே புணேதான். முதல் மையத்தின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த இரண்டு மரபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மையத்திலிருந்து கிளைத்த ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. 1988-இல் எழுத்தாளர் அம்பை என்று நாம் அறிந்த சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகிய மூவரும் சேர்ந்து மும்பையில் 'ஸ்பாரோ' என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தை அறக்கட்டளையாக நிறுவினார்கள். அச்சிட்ட தாளில் அகப்படாத பெண்களின் வாழ்க்கையை ஒலிப்பதிவாக, புகைப்படமாக, சுவரொட்டியாக, வாய்மொழி வரலாறாகச் சேர்ப்பது அதன் பணி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் குரலும் ஆவணம்தான் என்ற எண்ணம், 1974-இல் துண்டறிக்கைகளை அடுக்கத் தொடங்கிய அதே மனத்தின் அடுத்த படி. மேற்கு இந்தியாவின் பெண் இயக்கத்தினர் பலரை நேரில் கண்டு, அவர்களுடைய அனுபவங்களை நீரா தேசாய் தொகுத்த நூலை 2006-இல் ஸ்பாரோவே வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. 2009-இல் அவர் காலமானார்.

உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை சொல்லுகிறேன். முதல் இயலை 1975-இல் தொடங்க வேண்டாம். 1961, 1971 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளின் வினாத்தாள்களையும் தேடி எடுத்து, உழைப்பு பற்றிய கேள்விகளை அருகருகே வைத்துப் படியுங்கள். பிறகு உங்கள் ஊரில் நாற்று நடும் பெண்கள் நான்கு பேரிடம் அந்த இரண்டு விதமான கேள்விகளையும் தனித்தனியே கேட்டு, அவர்கள் சொல்லும் விடையை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். மும்பைக்குப் போக வாய்ப்பிருந்தால், சாந்தாகுரூசில் எஸ்.என்.டி.டி.யின் ஜூஹு வளாகத்தில் மையம் இருக்கிறது; கட்டுரைத் தொகுப்புகளோடு நின்றுவிடாமல், தொடக்க ஆண்டுகளின் துண்டறிக்கைகளையும் நறுக்குகளையும் கேட்டுப் பாருங்கள்.